கம்பத்து ஒயர்

மீரா சாகிபு ஊருக்குப் போன ஐந்தாவது வாரம், கடைத் தொலைக்காட்சியில் எறும்பு ஓட ஆரம்பித்தது.

படம் இருந்தது. படத்துக்குள் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் எல்லார்மேலும் வெள்ளை எறும்பு மொய்த்தது. செய்தி வாசிக்கிறவருக்கு மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. கடைசி மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த லோரி டிரைவர் லியோனார்ட், "என்னக்கா, உங்க டிவிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டான்.

கல்லாவில் இருந்த சுலைகா சிரிக்கவில்லை.

"எதிர்க் கடையில எப்படி இருக்கு?" என்றாள்.

"கண்ணாடி மாதிரி. காளியண்ணன் நாப்பது அடி பைப்பு நட்டிருக்காருல்ல. நேத்து கோலாலம்பூர்ல ஒருத்தன் தும்முனது இங்க தெரிஞ்சுச்சு."

"அப்ப நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"அங்க கறி சகிக்காதுக்கா."

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த வரிசையில் சாப்பாட்டுக் கடை இரண்டுதான். ஒன்று மீரா சாகிபு கடை. தெருவுக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் கடை. மீரா சாகிபு தன் தாயாரின் கண் அறுவைக்காகத் தொண்டிக்குப் போயிருந்தார். திரும்பி வர மூன்று மாதம் ஆகும். புறப்படும்போது சாவியை மனைவி கையில் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் முன்னால நீ இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தம்பி கிஃபாயத்துல்லா, சாவி தன் கைக்கு வரும் என்று நினைத்துக் கையைக்கூட நீட்டியிருந்தான். அந்தக் கையால் பிறகு, காக்கா என்று அவன் கூப்பிடும் அண்ணனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

சுலைகா தொண்டியிலிருந்து வந்து பதினோரு வருசம். பதினோரு வருசமும் கடையின் பின்கட்டில்தான் இருந்தாள். மசாலா, வெங்காயம், புகை, பின்வாசல், பின்வாசலுக்கு அப்பால் சாக்கடை. தன் கடைக்கு எதிரே பஸ் நிற்கிறது என்பது அவளுக்குச் சத்தத்தால்தான் தெரியும். இப்போது ஐந்து வாரமாக முன்னால் இருக்கிறாள். சபாக் பெர்ணம் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் எந்த மண்டோர் சம்பள நாளில் மட்டும் ஆட்டுக்கறி கேட்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மீண்டும் பின்கட்டுக்குப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே கிஃபாயத்துல்லாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் இரண்டு வாரத்தில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, சிலாங்கூர் ஆடும் பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள். ஞாயிறு என்றால் தோட்டத்து ஆட்கள் பட்டணத்துக்கு வருகிற நாள். அன்றைக்குப் படம் தெரியாத கடையில் தே தாரிக் என்று ஒரு குவளை ஆற்றின தேநீர்கூடப் போகாது.

"மதினி, ஆட்டம் பாக்க வர்றவங்க சத்தம் போடுவாங்க, மேசையில தட்டுவாங்க. அன்னிக்கு நான் முன்னால இருக்கேனே" என்று கிஃபாயத்துல்லா ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"தட்டட்டும் தம்பி. மேசை நம்ம மேசைதானே."

ரேடியோ, தொலைக்காட்சி பழுது பார்க்கும் உமாபதியை வரவழைத்தார்கள். ராசா என்ற ஊர்க்காரர். கோல சிலாங்கூரில் கடை வைத்துப் பல வருசம் ஆகியும், எதைச் சொன்னாலும் "எங்க ராசாவுல" என்றுதான் ஆரம்பிப்பார். கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏரியல் செத்துப்போச்சுக்கா. கடல் காத்து உப்பு. தொட்டா பிஸ்கட் மாதிரி உதிருது. எங்க ராசாவுல ஒரு ஏரியல் போட்டா பிள்ளைக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் நிக்கும்."

"இப்ப என்ன செய்யணும்?"

"ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, காளியண்ணன் மாதிரி நாப்பது அடி பைப்பு. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டித் தரேன். முந்நூறு வெள்ளி. இல்லன்னா பாக் மான்கிட்ட ஒயர் எடுங்க. குன்றுச் சரிவுல அவர் வீடு. உசரம். அவரு ஏரியல்ல இருந்து ஒயர் இழுத்து அஞ்சு வீட்டுக்குக் குடுத்திருக்காரு. மாசம் பத்து வெள்ளி வாங்குறாரு."

"கம்பம் நட்டா காத்துல சாயாதா?"

"கம்பம் நடறதா? எந்தக் கம்பத்தை?"

"அதான், இரும்புக் கம்பம்."

உமாபதி சிரித்தார். "மலாய்ல தியாங்னு சொல்லுங்க, இல்ல பைப்புன்னு சொல்லுங்க. இந்த ஊர்ல கம்பம்னா மலாய்க்காரங்க இருக்கற இடம். நீங்க பாக் மான் கம்பத்தையே புடுங்கி இங்க நடச் சொல்றீங்களோன்னு நெனச்சேன்."

அது சுலைகாவுக்குத் தெரியாதது இல்லை. தெருவில், சந்தையில், பால்காரனிடம் கம்பம் என்றால் அவளும் மலாய்க் கிராமத்தைத்தான் சொல்வாள். ஆனால் இரும்புத் தூணைப் பார்த்தால் வாயில் வருவது கம்பம்தான். தொண்டியில் தர்கா முன்னால் கொடி ஏறுவதும் கம்பத்தில்தானே.

"பைப்புதான் போடணும்" என்றான் கிஃபாயத்துல்லா. "நம்ம கூரை, நம்ம பைப்பு. அடுத்தவன் வீட்டு ஒயரை நம்பிக் கடை நடத்த முடியுமா?"

"ஒயர்னா குரங்கு வேற ஊஞ்சலாடும்" என்று உமாபதி ஒத்துப் பாடினார். "குன்று பூராம் குரங்கு. அதுக்கெல்லாம் மாசம் பத்து வெள்ளி யாரு குடுக்கறது?"

சுலைகா அன்று மாலையே பின்பாதை வழியாகக் குன்றுச் சரிவில் இருந்த மலாய்க் கம்பத்துக்குப் போனாள்.

பாக் மான் டெலிபோன் இலாகாவில் இருபத்தேழு வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கம்பி இழுக்கும் கும்பலில் மற்ற எல்லாரும் தமிழர்கள் என்பதால் அவருக்குத் தமிழ் வரும். வினைச்சொல்லை மட்டும் எங்கே வைப்பது, எப்படி முடிப்பது என்பதில் அவர் யார் பேச்சையும் கேட்டதில்லை.

"மழை வந்தா படம் போயிடுமா பாக் மான்?"

"மழை வந்தா ஒன்னும் இல்லலா. நல்லா இருக்கும்."

"காத்து?"

"காத்து வந்தா தென்னை ஆடும். ஒயர் ஆடாது. நான் கட்டும் ஒயர், யானை இழுக்கும், வராது."

"குரங்கு?"

"குரங்கு ஒரு நாள் ஏறும். நான் ஏசும். ரெண்டாம் நாள் வராது."

இடியைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொண்டித் தபால் நிலையத்திலிருந்து டிரங்க் கால் வந்தது. மூன்று நிமிடம். மீரா சாகிபின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. சொன்னது பாதி, இரைச்சல் பாதி.

"சுலைகா, உம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. கண்ணு தெரியுது. பாக்கறதுக்கெல்லாம் குறை சொல்றாக."

"அல்ஹம்துலில்லாஹ்."

"கடை எப்படி?"

"கடை நல்லா இருக்கு மச்சான். டிவிதான் தெரியல. ஏரியல் போயிருச்சு. கம்பம் நடவா, பாக் மான்கிட்ட ஒயர் எடுக்கவா?"

"என்னது? பாக் மானா?"

"ஆமா. கம்பமா ஒயரா, நீங்க சொல்லுங்க."

இரைச்சல் ஏறி இறங்கியது. பிறகு அவர் குரல் திடீரென்று காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"கம்பத்தை நம்பாதே."

"கம்பம் வேணாமா?"

"வேணாம். காத்து மழைன்னா காலை வாரிடும். கம்பத்தை மட்டும் நம்பாதே. கிஃபாயத்துக்கிட்டயும் சொல்லிடு."

லைன் அறுந்தது.

சுலைகா போனை வைத்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "உங்க காக்கா கம்பம் வேணாம்னுட்டாங்க. காத்துல சாயுமாம். ஒயரே எடுத்துக்கலாம்."

"காக்காவா சொன்னாங்க?"

"மூணு தடவை சொன்னாங்க."

கிஃபாயத்துல்லா முகத்தைச் சுளித்தான். பைப்புக்கு அவன் உமாபதியிடம் வாய்ச்சொல்லே கொடுத்துவிட்டான். ஆனால் காக்காவின் சொல் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

மறுநாள் பாக் மான், அறுபது வயதில், தாமே தென்னையில் ஏறி ஒயர் கட்டினார். குன்றுச் சரிவிலிருந்து தென்னைக்கு, தென்னையிலிருந்து கடையின் பின்கூரைக்கு, அங்கிருந்து சுவரோரமாக உள்ளே. பெட்டியைப் போட்டதும் செய்தி வாசிப்பவருக்கு மூக்கு வந்தது, வாய் வந்தது, கன்னத்தில் ஒரு மச்சம்கூட வந்தது.

"அம்மை எறங்கிருச்சு" என்றான் லியோனார்ட்.

பத்து நாள் படம் அசையாமல் இருந்தது. நடுவில் இரண்டு மழை பெய்தது. ஒன்றும் ஆகவில்லை. உமாபதி தே குடிக்க வரும்போதெல்லாம், "குரங்கு வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சு. உங்களைத்தான் விசாரிச்சுச்சு" என்று சுலைகா ஒரு நாள் சொன்னதிலிருந்து அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கடல் பக்கம் கறுத்தது. மழை இன்னும் வரவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு இடி, அதற்குப் பின் கிட்டத்தில் ஒரு இடி. உடனே தொலைக்காட்சியில் படம் இல்லை. எறும்புகூட ஒழுங்காக இல்லை. வெறும் சாம்பல்.

சுலைகா குமிழைத் திருகினாள். பெட்டியின் தலையில் தட்டினாள்.

"தட்டாதீங்கக்கா" என்றான் லியோனார்ட். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. பாக் மான் பிடுங்கிட்டாரு."

"எதைப் பிடுங்கிட்டாரு?"

"பிளக்கை. இடி இடிச்சா அவரு வீட்டுல எல்லாத்தையும் பிடுங்கி வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்குவாரு. ஏரியல் ஒயர், கரண்டு, விசிறி, ரேடியோ, ஒன்னு பாக்கி இல்லாம. உங்களுக்குத் தெரியாதா? புக்கிட் பெலிம்பிங் தோட்டத்துல இருக்கற எனக்கே தெரியும்."

மழை ஒரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு நின்றது. படம் நாலு மணிக்கு வந்தது.

அதற்குள் கிஃபாயத்துல்லாவுக்குக் காக்காவின் கடிதம் வந்திருந்தது. டிரங்க் கால் பேசிய அன்றே எழுதிப் போட்டது. அவன் அதைக் கல்லாவின் மேல் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினான்.

"படிங்க மதினி."

'பாக் மானிடம் ஒயர் எடுப்பதைப் பற்றி உன் மதினி டெலிபோனில் கேட்டாள். கம்பத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓர் இடி இடித்தால் அந்த மனிதர் பிடுங்கிவிடுவார். உமாபதியிடம் சொல்லி நல்ல பைப்பாகப் போடவும்.'

சுலைகா அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"கம்பம்னா காக்காவுக்கு என்ன மதினி?"

அவள் சுவரோரம் வந்த ஒயரைப் பார்த்தாள்.

"நீங்க பைப்புன்னு நெனச்சீங்க, இல்லையா? காக்கா சொன்னது பாக் மான் கம்பம்."

"உங்க காக்காவும் தொண்டிக்காரங்கதானே."

"தொண்டியில பொறந்தாங்க. முப்பது வருசமா இங்க இருக்காங்க. தூக்கத்துல பேசினாலும் கம்பம்னா கம்பம்தான்." அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பாக இருந்தால் சுலைகா ஏதாவது சொல்லியிருப்பாள். அது நல்ல சிரிப்பாக இருந்தது. "வருத்தப்படாதீங்க மதினி. வேணும்னு செஞ்சதில்லையே. மதினிக்குப் பேச்சு புரியல, அதான் இப்படி ஆச்சுன்னு காக்காவுக்கு நான் எழுதிப் போட்டுடறேன். அவங்க ஒன்னும் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு நான் கல்லால உக்காந்துக்கறேன். நீங்க உள்ளே கறியைப் பாத்துக்குங்க."

"நாளைக்கு மட்டுமா?"

"அப்புறம் பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன பொருள் என்பதில் தொண்டிக்கும் கோல சிலாங்கூருக்கும் வித்தியாசம் இல்லை.

சுலைகா கடிதத்தை மடித்தாள். புரியாமல் செய்தவளை யாரும் ஏச மாட்டார்கள். பாவம் என்பார்கள். பாவம் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால், அவளைக் கல்லாவில் உட்காரவைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. கேட்டும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்தாள் என்றால் ஏச்சு விழும். ஆனால் ஏசுவதற்காவது எதிரில் ஆள் இருக்க வேண்டும்.

"தம்பி, இன்னிக்கு எழுதாதீங்க. நாளைக்கு ஆட்டம் முடியட்டும்."

"நாளைக்கும் மழைதான். கடல் பக்கம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. படம் நின்னா?"

"ஆட்டம் முடியறப்ப நம்ம பெட்டியில படம் இல்லன்னா, நான் பின்கட்டுக்குப் போயிடறேன். நீங்க சொல்ல வேண்டியதில்ல, உங்க காக்காவும் சொல்ல வேண்டியதில்ல."

"படம் இருந்தா?"

"இருந்தா, நான் இருக்கற எடத்துல இருக்கேன். அதுக்கப்புறம் 'பாப்போம்' கிடையாது."

கிஃபாயத்துல்லா வெளியே வானத்தைப் பார்த்தான். "சரி மதினி" என்றான். வானம் அவன் பக்கம் இருந்தது.

அந்தி சாய்வதற்குள் சுலைகா மறுபடியும் குன்றுச் சரிவுக்குப் போனாள். பாக் மான் வாசலில் உட்கார்ந்து குறட்டால் கம்பி நுனியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க இடிக்குப் பிடுங்குவீங்கன்னு சொல்லலியே பாக் மான்."

"நீ கேக்கல. மழை கேக்கும், காத்து கேக்கும், குரங்கு கேக்கும். இடி கேக்கல."

"நாளைக்கு மட்டும் பிடுங்காம இருக்க முடியுமா?"

"முடியாது." கோபமில்லாமல்தான் சொன்னார். "சுங்கை பஞ்சாங்ல என்கூட வேலை செய்யும் ஒரு ஆள். இடி நேரம் கம்பி பிடிக்கும். அப்புறம் அந்த ஆள் இல்ல. நான் தூக்கும், நான் புதைக்கும். நீ ஆயிரம் வெள்ளி குடு, பிடுங்கும்."

சுலைகா வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"எப்பப் பிடுங்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணும்லா. மின்னல் பாக்கும், எண்ணும். பத்துக்குள்ள இடி வந்தா பக்கம். பிடுங்கும்."

"திரும்ப எப்ப மாட்டுவீங்க?"

"மழை நிக்கும், மாட்டும்."

"இன்னிக்கு மழை ரெண்டு மணிக்கு நின்னுச்சு. படம் நாலு மணிக்குத்தான் வந்துச்சு."

பாக் மான் கையிலிருந்த குறட்டைப் பார்த்தார். "தூங்கிடுச்சு" என்றார். உள்ளே அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"பிடுங்க வேணாம்னு நான் கேக்கல பாக் மான். பிடுங்குங்க. ஆனா பிடுங்கறதுக்கு எண்ணுறீங்கல்ல, மாட்டறதுக்கும் எண்ணுங்க. பத்தைத் தாண்டி இடி வந்துச்சுன்னா தூரம் போயிருச்சுன்னுதானே அர்த்தம்? மழை பெஞ்சா பெஞ்சுட்டுப் போகட்டும். மழைக்கு ஒன்னும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் அதை மனத்துக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் முகத்தில் வருகிற ஒரு யோசனை வந்தது.

"ஒரு தடவை பத்து தாண்டும், போதாது" என்றார். "மூணு தடவை தாண்டணும்."

"மூணு தடவை தாண்டட்டும்."

"இது யாரும் கேக்கல இதுவரைக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, இவர் தூங்கிவிடாதபடி தான் பார்த்துக்கொள்வதாக மலாயில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே கடை நிரம்பிவிட்டது. நாற்காலி போதாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். கிஃபாயத்துல்லா மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தான். சுலைகா கல்லாவில் இருந்தாள். முதல் பாதி ஆட்டம் முழுக்கப் படம் நன்றாக இருந்தது. யாரும் கோல் போடவில்லை. லியோனார்ட் மட்டும் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் கடைக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று. வெளியே ஒரு மின்னல் வெட்டியது. சுலைகா உதட்டுக்குள் எண்ணினாள். ஏழில் இடி விழுந்தது. படம் போயிற்று.

மேசைகள் அதிர்ந்தன. "என்னக்கா இது?" "கடையா இது?" "காசைத் திருப்பிக் குடுங்கலா." எதிரே காளியண்ணன் கடையில் படம் ஓடுவது மழைக்கு நடுவே நீலமாகத் தெரிந்தது. அங்கிருந்து ஒரு கூச்சலும் கேட்டது. கிஃபாயத்துல்லா கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சுலைகா எழுந்து நின்றாள். முன்பக்கம் வந்த இத்தனை வாரத்தில் அவள் எல்லாரையும் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"படம் இப்ப வராது. ஒயர்க்காரர் இடிக்குப் பிடுங்கிட்டாரு. இடி தூரம் போனதும் மாட்டுவாரு. எதிர்க் கடையில ஓடுது. பாக்கணும்கறவங்க போகலாம். குடை ரெண்டு இருக்கு, எடுத்துக்குங்க. தட்டுல இருக்கறதை வீணாக்காம சாப்பிட்டுட்டுப் போங்க."

இப்படி ஒரு கடைக்காரர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினார்கள். மற்றவர்கள் தட்டையும் மழையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"தூரம் போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றான் லியோனார்ட்.

"எண்ணிப் பாக்கணும். பத்தைத் தாண்டணும். மூணு தடவை."

அடுத்த மின்னல் வெட்டியது. "ஒன்னு" என்றான் லியோனார்ட் சத்தமாக. "ரெண்டு" என்று அரிசி மூட்டையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "மூணு" என்பதற்குக் கடையே சேர்ந்துகொண்டது. ஐந்தில் இடி விழுந்தது. கோல் தவறின மாதிரி எல்லாரும் முனகினார்கள்.

அடுத்தது ஆறு. அதற்கடுத்தது நாலு.

"கிட்ட வருதுலா, தூரம் போகச் சொல்லு."

"நீ மெதுவா எண்ணறே. வேகமா எண்ணு, பத்து வந்துடும்."

"வேகமா எண்ணினா இடி ஏமாந்துடுமா?"

அப்போது ஒரு காற்று வந்தது. மழையைச் சுருட்டிக் கடைக்குள் வீசியது. எதிர்ப் பக்கம் ஓ என்று ஒரு சத்தம். காளியண்ணன் கடையின் நீல வெளிச்சம் அப்படியே வெள்ளையாகிவிட்டது. பைப்பு சாயவில்லை. நாலு கம்பியும் அறவில்லை. உச்சியில் கோலாலம்பூரைப் பார்த்துக்கொண்டிருந்த ஏரியல் மட்டும் திரும்பிக் கடலைப் பார்த்தது.

"காளியண்ணன் சுமத்ராவுக்கு மாத்திட்டாரு" என்றான் லியோனார்ட்.

ஒன்பதில் ஒரு இடி. பிறகு பதினொன்று. கடை கைதட்டியது. பிறகு எட்டு.

"செல்லாது. மொதல்ல இருந்து."

மணி ஆறரை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். கிஃபாயத்துல்லா தட்டுகளை அடுக்கிக்கொண்டே கல்லாப் பக்கம் வந்து நின்றான். அவன் உதடும் அசைந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு. அடுத்த மின்னல் மங்கலாக இருந்தது. பதினாலு. பிறகு நெடுநேரம் மின்னலே இல்லை. மழை மட்டும் ஒரே சீராகப் பெய்தது. எதிர்க்கூரையில் காளியண்ணன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பைப்புமாக நின்றுகொண்டு கேட்பது தெளிவாகக் கேட்டது.

"வந்துச்சா?"

"எறும்புண்ணே."

"இப்ப?"

"இப்ப எறும்பும் போச்சு."

தூரத்தில் ஒரு வெளிச்சம். கடை எண்ண ஆரம்பித்தது. சுலைகா எண்ணவில்லை. கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. இடி தலையணைக்குள் இடித்த மாதிரி கேட்டது.

படம் வரவில்லை.

"தூங்கிட்டாரு போல" என்றான் கிஃபாயத்துல்லா மெதுவாக.

சுலைகா, பாக் மான் எழுந்து, சுவர்ப் பக்கம் நடந்து, ஒயரைத் துடைத்து, மாட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்தாள். அறுபது வயது. வீட்டில் நாலு அறை.

பெட்டியில் ஒரு கோடு ஓடியது. பிறகு பச்சைத் திடல், அதன்மேல் ஆட்கள். மூலையில் எண் தெரிந்ததும் கடை முழுக்க எழுந்து நின்றது. சிலாங்கூர் எதிரணியிடம் ஒரு கோல் வாங்கியிருந்தது. மீதி இருந்த நாலு நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சிலாங்கூர் தோற்றது. எதிர்க் கடையிலிருந்து நனைந்துகொண்டு திரும்பி ஓடிவந்தவர்கள் வாசலில் நின்று கடைசி விசிலைத்தான் பார்த்தார்கள்.

"இதுக்குத்தான் இவ்வளவு எண்ணினோமா?" என்றான் லியோனார்ட். பிறகு இன்னொரு ரொட்டி சொன்னான்.

திங்கட்கிழமை காலை, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கிஃபாயத்துல்லா முதல் மேசையில் உட்கார்ந்து காக்காவுக்குக் கடிதம் எழுதினான். எழுதி முடித்துவிட்டுச் சுலைகாவிடம் காட்டினான். அவன் வார்த்தை தவறுகிறவன் இல்லை. கல்லாவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் உள்ளபடி எழுதியிருந்தான். நடுவில், 'டெலிபோனில் நீங்கள் சொன்னது மதினிக்குச் சரியாகப் புரியாததால்' என்று இருந்தது.

"இதை அடிங்க தம்பி."

"உண்மைதானே மதினி."

"உண்மைதான். அடிங்க."

"அப்ப காக்கா நீங்க வேணும்னே பேச்சைத் தட்டினதா நெனப்பாங்க. கோவம் வரும்."

"வரட்டும்."

"என்னனு எழுதட்டும்?"

"கம்பத்து ஒயர்தான் எடுத்திருக்கேன்னு எழுதுங்க. பாக் மான்கிட்ட நானே பேசிட்டேன்னு எழுதுங்க. மீதி வந்து கேட்டுக்கட்டும்."

கிஃபாயத்துல்லா பேனாவால் அந்த வரியை ஒன்றுக்கு இரண்டு தடவை அடித்தான், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாதபடி.

மீரா சாகிபு அடுத்த மாதம் வந்தார். வந்த அன்று தூங்கினார். மறுநாள் காலை ஐந்தரைக்கு, வழக்கம்போல் வேட்டியை இறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தார். சுலைகா கல்லாவில் இருந்தாள். முதல் பஸ் ஆட்களுக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னது காதுல விழலியா?" என்றார்.

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"ஒயர் நல்லாத்தான் இருக்கு மச்சான்."

அவர் கூரையைப் பார்த்தார். சுவரோரம் வந்த ஒயரை விரலால் தொட்டு, இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. சபாக் பெர்ணம் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். இறங்கினவர்களில் இரண்டு பேர் வாசலிலிருந்தே, "அக்கா, ரெண்டு தே" என்று கல்லாவைப் பார்த்துச் சொன்னார்கள்.

மீரா சாகிபு அவர்களையும் கல்லாவையும் பார்த்தார். பிறகு தே கலக்குகிற இடத்துக்குப் போய், குவளையைக் கையில் எடுத்தார்.

"சீனி கம்மியா, கூடவா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"ஒன்னு கம்மி, ஒன்னு கூட" என்றாள் சுலைகா.